நடுக்கக்காவும் ஏழாவது கலனும்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ‘நடுக்கக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கை நடுங்கும் என்பதால் அல்ல. நடுக்கத்தை அடக்குவதுதான் அவள் வேலை.

துகள்களை வேகமூட்டி ஓட்டும் அந்த நீண்ட எந்திரத்தில், நயோபிய உலோகக் கலன்கள் திரவ ஹீலியத்தில் மூழ்கி வரிசையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் அவற்றுக்கு மின்தடை என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் மகா தொட்டாற்சிணுங்கிகள். மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நெளிந்தாலும் உள்ளே ஓடும் மின்னலையோடு சுருதி விலகிவிடும். அதிர்வு எட்டிப் பார்க்கும்போதெல்லாம், மின்சாரம் பட்டால் நீளும் பீங்கான் துண்டு ஒன்றால் கலனை எதிர்ப்பக்கம் தள்ளிச் சரிக்கட்டுவாள் அவள்.

புதிய வரிசையில் ஏழாவது கலன் மட்டும் எதற்கும் மசியவில்லை.

“வெல்டிங்ல குறை இருக்கும். பிரிச்சுத்தான் பாக்கணும்,” என்றார் திட்ட மேலாளர்.

பிரித்தால் ஒரு வருடம் பாழ். அதைவிட, வெல்டிங் செய்தவர் அவள் கணவர்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டைத் தொடவே இல்லை. “நீயும் என்னைத்தான் சந்தேகப்படறியா?”

“நான் அளந்து பாக்காம எதையும் சொல்ல மாட்டேங்க,” என்றாள்.

“எனக்காக மழுப்பாதே. குறைன்னா குறைன்னே சொல்லிடு.”

மறுநாள் கலனிலிருந்து தொடங்கி, வெளியே போகும் ஹீலியக் குழாய் நெடுக அதிர்வுமானிகளை ஒட்டினாள். திரையில் ஓடிய அதிர்வுக் கோட்டில் ஒரே ஒரு கூர்முனை துருத்திக்கொண்டு நின்றது. அதே தாளத்தில் சுழலும் பக்கத்துக் கூடத்துத் தண்ணீர் பம்பின் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். கூர்முனையும் கூடவே நகர்ந்தது. அப்படியானால் ஆட்டம் பம்பிலிருந்து வருகிறது. ஏழாவது கலனுக்கு மட்டும் எந்த வழியாக?

டார்ச்சோடு கீழே தவழ்ந்தாள். தண்ணீர்க் குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டை ஒன்று நழுவி, அந்தக் கலனின் ஹீலியக் குழாய்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது. அதை விலக்கி, இடையில் ரப்பர் அட்டை சொருகி, பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். கூர்முனை படுத்துவிட்டது. மிச்சசொச்ச நடுக்கத்தைப் பீங்கான் துண்டு பார்த்துக்கொண்டது.

“அப்பாடா!” என்று மேலாளர் கருவிப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் வெல்டிங் கூடத்துக்கு ஓடினாள். “உங்க வேலை சுத்தம்ங்க. குத்தவாளி ஒரு இரும்புப் பட்டை.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, “பசிக்குது,” என்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மனிதர் வாயே மூடவில்லை. ஒழுகும் குழாய், பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாம் பேசினார். ஜன்னலோரம் அவள் எப்போதோ தூங்கிப்போயிருந்தாள்.