தெம்பா கடைசியாகச் சொன்னது

எவரெஸ்ட் பக்கத்து ஷெர்பா ஊரான போர்ட்சேயில் நவாங்கைப் பற்றிக் கேட்டால், "அவனா, வாயில்லாப் பூச்சி" என்பார்கள். பிறவியிலேயே அப்படி இல்லை. ஒரு காலத்தில் அவன் சமையல் கூடாரத்தில் உட்கார்ந்தால், மலையேற வந்த வெள்ளைக்காரர்கள் மாதிரி நடந்து காட்டி எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பான். அவனுக்கு ஈடு கொடுத்த ஒரே ஆள் தெம்பா. இருவரும் ஒன்றாக மூட்டை தூக்கி, ஒன்றாகவே பனியில் கயிறு கட்டப் பழகியவர்கள். தெம்பாவின் தங்கை யாங்ஜியை நவாங் கட்டிக்கொண்டதும் கூட்டாளி மச்சானும் ஆகிப்போனான்.

அந்த வசந்தத்தில் தெம்பா ரோலண்ட் என்ற வெள்ளைக்காரரோடு உச்சிக்குக் கிளம்பினான். நவாங் கீழ் முகாமில் வாக்கி டாக்கியோடு இருந்தான். இறங்கும்போது பிற்பகலில் காற்று பிடித்துக்கொண்டது. கை நீட்டினால் கை தெரியாத பனி. அப்போதுதான் தெம்பாவின் குரல் வந்தது.

"மச்சான், கால் போச்சு. முட்டிக்குக் கீழ தொங்குது. இவன் கயித்த அவுக்குறான் மச்சான். விட்டுட்டுப் போகாதேன்னு சொல்லு. என் இங்கிலீஷு இவனுக்குப் புரியல போல. நீ சொல்லு. எனக்குப் பிள்ள இருக்குன்னு சொல்லு."

நவாங் தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையையும் தொண்டை கிழியக் கத்தினான். பதிலுக்குக் காற்றின் இரைச்சல்தான் வந்தது. இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினான். பாதி வழியில் காற்று இருவரையும் திருப்பி அடித்தது. இடது கையில் இரண்டு விரல் கறுத்துப் போய், பின்னால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ரோலண்ட் தனியாக இறங்கி வந்தார். அவர் வாயில் சூடான டீயை ஊற்றியதே நவாங்தான். தெளிந்ததும் அவர் ஓவென்று அழுதார். "என்னை விட்டுட்டு நீங்க போங்கன்னு அவனே சொன்னான்" என்றார். வாக்கி டாக்கியில் கேட்டதை நவாங் பயணத் தலைவரிடம் சொன்னான். அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "அந்த உயரத்துல எல்லாருக்கும் ஏதேதோ கேக்கும். நீயும் ரொம்பக் களைச்சுப் போயிருந்த."

ரோலண்ட் போர்ட்சேக்கு வந்தார். தெம்பாவின் அம்மா கழுத்தில் மரியாதைக்குப் போடும் கதா துணியைப் போட்டு, உங்கள் மகன் எனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்துவிட்டுப் போனான் என்று சொல்லி மண்டியிட்டார். அந்த அம்மா அதுவரை ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தவள். அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தாள். "இன்னொரு உசுரக் காப்பாத்திட்டுப் போயிருக்கான். நல்ல பிறவிதான் கிடைக்கும்" என்றாள். யாங்ஜி அவருக்கு வெண்ணெய் டீ ஊற்றினாள். கோப்பை காலியாகக் காலியாக நிரப்பினாள். வாசலில் நின்ற நவாங் வாயைத் திறந்தான். மாமியார் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் சாகும்வரை திறக்கவில்லை. செத்த பிறகு, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று யாங்ஜி கேட்பாளே என்ற பயம். அப்படியே வருஷங்கள் ஓடின. மலையேறுவதையும் விட்டான். நடைப் பயணிகளுக்கு உருளைக்கிழங்கு அடை சுட்டுப் போட்டுப் பிழைத்தான்.

தெம்பாவின் மகன் ரிஞ்சி, தாயும் இல்லாதவன், இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தான். பெரியவனானதும் மலைக்குத்தான் போனான். தெம்பாவின் மகன் என்று தெரிந்தால் வெளிநாட்டுக்காரர்கள் அவனையே கேட்டு வாங்கினார்கள்.

ஒரு இலையுதிர் காலத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ரோலண்ட் பிழைத்து வந்த கதையைப் படமாக்குகிறார்களாம். நவாங்குக்கு அங்கே சமையல் வேலை. தெம்பாவாக நடிக்க எங்கிருந்தோ வந்திருந்த நடிகன், உயரம் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து, ஹெலிகாப்டரில் கீழே போனான். டைரக்டரின் கண் அரிசி மூட்டையோடு வந்த நவாங் மேல் விழுந்தது. முகமூடி, கண்ணாடியெல்லாம் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

நவாங் முடியாது என்றுவிட்டு வீட்டுக்கு வந்தான். யாங்ஜிதான் விடவில்லை.

"எவனோ ஊர் பேர் தெரியாதவன் எங்கண்ணனா நடிக்கணுமா? நீ அவன் கூடவே கிடந்தவன். நீ செய்யி. எங்கண்ணன் எப்படிப் பெரிய மனசோட போனான்னு ஊர் உலகம் பாக்கட்டும்."

மறுநாள் அவனைப் பனியில் படுக்க வைத்தார்கள். இங்கிலீஷில் சொல்ல வேண்டிய வசனம் நாக்கில் நிற்கவில்லை. டைரக்டர் பொறுமை இழந்தார். காத்மாண்டுவிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் பிஷால் ஓடி வந்தான்.

"அண்ணே, உங்க ஷெர்பா மொழியிலயே சொல்லுங்களாம். அதுதான் உண்மையா இருக்குமாம். 'போங்க சாகிப், இந்த மலை என் தாய், அவ மடியில என்னை விட்டுடுங்க.' அவ்வளவுதான்."

"உனக்கு எங்க பேச்சு தெரியுமா தம்பி?"

"எனக்கு நேபாளிதாண்ணே."

கேமரா ஓடியது. ரோலண்டாக நடித்தவன் கயிற்றை அவிழ்த்தான். நவாங் அவன் காலைப் பிடித்துக்கொண்டான். "விட்டுட்டுப் போகாதே. எனக்குப் பிள்ள இருக்கு. மச்சான், இவன்கிட்ட சொல்லு, எனக்குப் பிள்ள இருக்கு" என்று கதறினான். சமையல் கூடாரத்துப் பக்கம் நின்ற ஷெர்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரமாதம், இன்னொரு தடவை என்றார். நவாங் மறுபடியும் சொன்னான். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லியிருப்பான். பதிவாகிவிட்டது, இனி உலகமே கேட்கும் என்று நினைத்தான். அன்றைக்குச் சாயங்காலம் யாக்குகளை ஓட்டி வரும்போது தன்னை மறந்து பாட்டு முணுமுணுத்தான்.

படம் காத்மாண்டுவில் ஒரு பெரிய அரங்கில் போடப்பட்டது. யாங்ஜி பண்டிகைக்குக் கட்டும் பல வண்ணப் பட்டை போட்ட ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் நவாங், மறுபக்கம் ரிஞ்சி. அந்தக் காட்சி வந்தது. நவாங்கின் குரல் அரங்கை நிறைத்தது. சுற்றிலும் மூக்குறிஞ்சும் சத்தம். யாங்ஜி மட்டும் அழவில்லை.

"கீழ என்னடா எழுத்து ஓடுது?" என்று ரிஞ்சியைக் கேட்டாள்.

ரிஞ்சி நவாங்கைத் திரும்பிப் பார்த்தான். "'போங்க சாகிப், இந்த மலை என் தாய்'னு போட்டிருக்கு அத்தை."

படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நரைத்துப்போன ரோலண்ட் மேடைக்கு வந்து ரிஞ்சியை அழைத்துக் கட்டிக்கொண்டார். ரிஞ்சி போட்டோவுக்குச் சிரித்தான். நவாங்கையும் கட்டிக்கொண்டார். நவாங் கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றான்.

வெளியே வந்ததும் யாங்ஜி கணவன் சட்டையைப் பிடித்தாள். "அது யாரு பேச்சு? நீயா கட்டினதா?"

"இல்ல. அவன் சொன்னது. நான் காதால கேட்டேன்."

"சினிமாக்காரனுக்குச் சொன்னியே, எனக்குச் சொன்னியா?"

"உங்கம்மா நிம்மதியா..."

"எங்கம்மா நிம்மதியா செத்தா. நான் அந்த ஆளுக்கு என் கையால டீ ஊத்தினேனே, நவாங்! வருந்தி வருந்தி ஊத்தினேனே!"

நவாங் பிஷாலைத் தேடிப் பிடித்து எழுத்தை மாற்றச் சொன்னான். "ஸ்கிரிப்ட்ல இருந்ததப் போட்டுட்டாங்க அண்ணே. படம் ஊர் ஊரா ஓடுது. இனிமே யார் கேப்பா?" என்று சொல்லிவிட்டு அவன் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

"நான் கேக்குறேன். பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்றான் நவாங். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது.

ரிஞ்சி அவன் கையைப் பிடித்தான். "வேணாம் மாமா."

"உங்கப்பன்டா அவன்!"

"தெரியும். நானும் கேட்டேன்ல. ஆனா வர்ற வசந்தத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறதே அந்தக் கதைய நம்பித்தான். ரோலண்டே சொல்லி அனுப்பின ஆளுங்க. கால் உடைஞ்சாலும் குறை சொல்லாதவன் மகன்னு நினைக்கிறாங்க. அவரப் பொய்யன்னு சொன்னா நாளைக்கு எவன் என்னைக் கூட்டிட்டுப் போவான்? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

யாங்ஜி அவனை அறைய ஓங்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டாள். நவாங் திரும்பி, தங்கியிருந்த இடத்தைப் பார்த்து நடந்தான்.

வசந்தம் வந்தது. ரிஞ்சி பூஜைக்கு மூட்டிய ஜூனிபர் தழைப் புகைக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, அந்த வெளிநாட்டுக்காரர்களோடு மேலே போனான். கிளம்பும் முன் அவர்களில் ஒருத்தி, தெம்பாவாக நடித்தது நவாங்தான் என்று கேள்விப்பட்டு, படத்தில் சொன்னதை ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னாள். அவன் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டான். "இந்த ஆளுக்கு ரொம்ப வெட்கம்" என்று அவள் சிரித்தாள்.