மட்டி மணக்கிறது என்று எழுதியவள்

பென்ரோஸில் இருக்கும் ஒரு மீன் தொழிற்சாலையில் மாகிரட் பதினேழு வருடமாக மீன் வெட்டுகிறாள். மன்னார், பேசாலையிலிருந்து இந்த நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்தவள். வயது ஐம்பத்திரண்டு. பெட்டியைத் திறந்த கையோடு, இந்த மீன் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்தது என்று சொல்லிவிடுவாள். மேற்பார்வையாளர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். சந்தேகமான பெட்டி என்றால் எல்லோரும் அவளிடம்தான் கொண்டு வந்தார்கள்.

அந்த வருடம் ஜனவரியில், எண்ணெய்க் கப்பல் ஒன்று ஹவுராக்கி வளைகுடாவுக்கு வெளியே பாறையில் மோதி அடி கிழிந்தது. மூன்றாம் நாள் கறுப்புக் குழம்பு தீவுகளின் கரையில் ஒதுங்கியது. அரசாங்கம் மீன்பிடியை நிறுத்தியது. கரை துப்புரவாக்க வந்த சனத்துக்கு வெள்ளை உடுப்பும் வாளியும் கொடுத்தது. மந்திரிமார் கடற்கரையில் நின்று தொலைக்காட்சிக்குப் பேசினார்கள். தொழிற்சாலையில் ஐந்து நாள் வேலை இரண்டு நாளாகச் சுருங்கியது.

ஏழு கிழமை கழித்து, வளைகுடாவின் மட்டிச் சிப்பியைச் சாப்பிடலாமா என்று பார்க்கப் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். ஆய்வுகூடக் கருவிகளுக்குத் தட்டுப்படாத எண்ணெய் நாற்றம் மனித மூக்குக்குத் தட்டுப்படும் என்பதால் இந்த ஏற்பாடு. மூன்று பேராவது எண்ணெய் மணக்கிறது என்று எழுதினால் அந்தப் பகுதியைத் திறக்க முடியாது. தொழிற்சாலை மாகிரட்டின் பெயரைக் கொடுத்தது. இரண்டு நாள் பயிற்சியில், தண்ணீரில் ஒரு துளி டீசல் கலந்த போத்தலைக்கூட அவள் தவறவிடவில்லை.

சோதனை ஆல்பனியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்தது. அவித்த மட்டி வைத்த பன்னிரண்டு போத்தல்கள். மேலே இலக்கம் மட்டும். சில வளைகுடா மட்டி, சில எண்ணெய் படாத தெற்குக் கடல் மட்டி. மாகிரட் நான்கு போத்தல்களுக்கு எதிரே ‘மணக்கிறது’ என்று எழுதினாள். அப்படி எழுதியவர்கள் இன்னும் இரண்டு பேர்: ஒரு சமோவா சமையற்காரர், ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியை ஒருவர்.

குழுவை நடத்திய அதிகாரி பார்த்தீபன் தாள்களைப் பார்த்தார். வெளியே போய் யாருடனோ தொலைபேசியில் கதைத்தார். திரும்பி வந்து, நடைபாதைக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறது, அந்த மணம் குழப்பியிருக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். இரண்டாம் தடவை சமையற்காரரும் ஆசிரியையும் பின்வாங்கிவிட்டார்கள். மாகிரட் அதே நான்கையும் எழுதினாள்.

"அக்கா, ஒருக்கா வெளியில வாங்கோ," என்றார் பார்த்தீபன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளோடு மட்டும் தமிழில் கதைத்தார். "திங்கட்கிழமை மந்திரி வந்து வளைகுடாவைத் திறக்கிறார். எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு. கருவியும் அளவுக்குள்ள எண்டுதான் சொல்லுது. நீங்கள் ஒராள் எழுதி ஒண்டும் மாறாது."

"மாறாதெண்டால் என்னை ஏன் தம்பி வெளியில கூப்பிட்டனீர்?"

அவர் பேச்சை மாற்றினார். "உங்கட தொழிற்சாலைச் சனமும் வேலையில்லாமல்தானே இருக்குது? அவையளையும் ஒருக்கா யோசியுங்கோ."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் அவள் வீடும்தான் தத்தளித்தது. ஆனாலும் சொன்னாள்: "அவையளின்ர பிள்ளையளும்தான் இந்த மட்டியைத் தின்னப் போகுதுகள். பெயின்ற் மணமெண்டால் மேசையை வெளியில போடும். போத்தலுகளைக் குழப்பி அடுக்கும். நான் பிழை விட்டால், மணக்கேல்லை எண்டு கையெழுத்து வைச்சிட்டுப் போறன்."

உள்ளே போய் அதையே ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மறுக்க பார்த்தீபனுக்கு வழியில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் மேசை போட்டார்கள். காற்று நன்றாக வீசியது. மாகிரட் முதுகைக் காட்டி நிற்க, ஆசிரியை இலக்கங்களை மாற்றி ஒட்டி அடுக்கினார். மாகிரட் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, நான்கைத் தனியே எடுத்து வைத்தாள். அதே நான்கு. மறுபடி குழப்பினார்கள். மறுபடி அதே நான்கு. மூன்றாம் தடவை ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் அந்த நான்கில் ஒன்றை ஒளித்துவிட்டு தெற்குக் கடல் மட்டிப் போத்தல் ஒன்றை வைத்தார். மாகிரட் மூன்றை எடுத்தாள். மிச்சத்தை இரண்டு தடவை மணந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலாவது இதுக்குள்ள இல்லை," என்றாள் ஆங்கிலத்தில்.

ஆசிரியை தன் கைப்பைக்குள்ளிருந்து அந்தப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு பார்த்தீபனிடம் திரும்பி, காலையில் எழுதியதுதான் சரி, பின்னேரம் எழுதியதை வெட்டிவிடுங்கள் என்றார். சமையற்காரரும் கையை உயர்த்தினார். மூன்று பேர் ஆகிவிட்டார்கள். திங்கட்கிழமை மந்திரி வரவில்லை.

தொழிற்சாலையில் அவளுக்கு மாலை போட யாரும் காத்திருக்கவில்லை. பத்து வருடம் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டிய அன்னபாக்கியம் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "உன்ர மூக்கை வைச்சு எங்கட வயித்தில அடிச்சுப்போட்டியேடி!"

"கடலில எண்ணெய் ஊத்தினது நானில்லை, அன்னம். ஊத்தினவனைப் போய்க் கேள். நானும் கூட வாறன்."

அன்னபாக்கியம் ஐந்து கிழமை அவளோடு கதைக்கவில்லை. ஐந்தாம் கிழமை முடிவில் வேறொரு குழு மணந்து பார்த்து, வளைகுடா திறந்தது. அந்தக் குழுவுக்கு மாகிரட்டை அழைக்கவில்லை. ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது.

முதல் சோதனையின் அறிக்கையைத் தரும்படி அவள் எழுதிக் கேட்டாள். இந்த நாட்டில் யாரும் அப்படிக் கேட்கலாம். வந்த அறிக்கையில், ‘குழு உறுப்பினர் ஒருவரின் வேண்டுகோளின்படி சோதனை மறுபடி செய்யப்பட்டது’ என்றிருந்தது. அதற்கு முன்னால், அவள் பெயர் இருந்த இடத்தை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை.

"அது பிரைவசி, அம்மா," என்றாள் மகள் ஜனுஷா. "லெட் இட் கோ."

"என்ர பேரை மறைக்கச் சொல்லி நான் ஆரையும் கேட்கேல்லை. நான் சொல்லச் சொல்ல ரைப் பண்ணு."

மூன்று கடிதம் போனது. முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, பரிசீலிக்கிறோம் என்றார்கள். மூன்றாவதுக்குத் திருத்திய பிரதி வந்தது. பட்டை இருந்த இடத்தில் அவளுடைய முழுப்பெயர், பக்கத்தில் ‘மீன் வெட்டுபவர், பென்ரோஸ்’. மாகிரட் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, தொழிற்சாலைச் சாப்பாட்டறைச் சுவரில், வேலை நேர அட்டவணைக்கு அருகே தன் கையாலேயே ஒட்டினாள். மேற்பார்வையாளர் பார்த்தார், கழற்றச் சொல்லவில்லை.