கஃபுயியை ஒப்படைத்த நாள்

ஹோஹோய் ஊரில் கஃபுயியைத் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் உறைமீன் கடை வைத்திருந்தவள். நாற்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, ஒரே மகள். பேச ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் வாய் திறக்க இடம் கொடுக்க மாட்டாள்.

கடையில் இருந்த இரண்டு ஃப்ரீசர்களும் அவளை ஆட்டிவைத்தன. பழுதுபார்க்க வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், கம்ப்ரஸர் போச்சு என்பார்கள், எதையோ மாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரமே மறுபடி படுத்துக்கொள்ளும். ஈஸ்டர் நெருங்கும்போது இரண்டும் ஒன்றாக நின்று, மொத்த மீனும் நாறிப்போனது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு அனுதாபம் சொன்னது. அனுதாபத்தை வைத்து என்ன செய்வது? கஃபுயி கடையை மூடினாள். இனி இன்னொருத்தன் கையை நம்பி மீன் விற்கப் போவதில்லை, ஃப்ரீசர் பழுதுபார்க்கிற வேலையை நானே கற்றுக்கொள்வேன் என்றாள்.

ஊர் சிரித்தது. ஊருக்கு வேறென்ன வேலை! இரண்டு பட்டறைக்காரர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்றார்கள். இவ்வளவு வயதானவளை அதட்டி வேலை வாங்க முடியுமா என்பது அவர்கள் நியாயம். மிச்சம் இருந்தவர் மாஸ்டர் டோக்பே ஒருவர்தான். அவருடைய மூத்த சீடன் தொழில் கற்று முடித்து, தனிக்கடை போட்டுப் போய்விட்டான். புது ஆள் வேண்டும் என்று அவர் சந்தையெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவரும் கைவிரித்தால் அந்த ஊரில் கற்றுக்கொடுக்க வேறு ஆள் இல்லை.

மகள் செனாமுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர். தன் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் அம்மா காக்கிச் சட்டையோடு ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே அவளுக்கு மானம் போனது. இருந்தும் சனிக்கிழமை கூட வந்தாள். சீடப்பிள்ளையைச் சேர்க்க மாஸ்டருக்குக் கொடுக்க வேண்டிய முறைச் சாமான்கள்: அம்மா கையில் ஷ்னாப்ஸ் சாராயப் புட்டி, இவள் கையில் ஒரு பெட்டி கலர் சோடா. மாஸ்டர் எப்படியும் துரத்திவிடுவார், அதோடு அம்மாவுக்குப் பைத்தியம் தெளியும் என்று செனாம் நம்பினாள்.

டோக்பே இருவரையும் உட்காரச் சொன்னார். செனாமை ஏற இறங்கப் பார்த்தார். கை ரொம்ப மெத்தென்று இருக்கிறது, பரவாயில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். பொம்பளைப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவது நல்லதுதான் என்றும் சொன்னார். அப்போதுதான் கஃபுயிக்குப் புரிந்தது, ஊர் சிரித்தது இவர் காதுக்கு எட்டவில்லை, மனிதர் மகளைத்தான் சீடப்பிள்ளை என்று நினைத்துவிட்டார் என்று. சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். அது ஏமாற்று வேலைதான், நான் மறுக்கவில்லை. நேராகக் கேட்ட இரண்டு இடத்தில் என்ன கிடைத்தது அவளுக்கு?

டோக்பே புட்டியைத் திறந்து, போய்ச் சேர்ந்த பெரியவர்களைக் கூப்பிட்டு, இன்று ஒருத்தி என் கைக்கு வருகிறாள் என்று சொல்லி மூன்று முறை மண்ணில் ஊற்றினார். பிறகு தானும் குடித்தார். மண்ணில் விழுந்துவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று, முடிந்தது கதை. இறந்தவர்கள் குடித்ததைத் திருப்பிக் கேட்க முடியாது.

“திங்கட்கிழமை விடிஞ்சதும் வந்துடணும் பொண்ணே” என்றார் செனாமிடம்.

“வந்துடறேன் மாஸ்டர்” என்றாள் கஃபுயி.

பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த சீடப் பையன்கள் இருவரும் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்கள். டோக்பேயின் முகம் கறுத்துவிட்டது. “விளையாடுறீங்களா? எங்க அக்கா வயசு உங்களுக்கு.”

“இருக்கட்டும். தரையைக் கூட்டறேன். உங்களுக்குச் சோறு வாங்கிட்டு வரேன். இந்தப் பசங்க ஏய்னு கூப்பிட்டாலும் ஓடி வரேன். வேலையை மட்டும் சொல்லிக்கொடுங்க.”

குடித்ததைத் துப்ப முடியாமல் டோக்பே கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். “நான் பின்வாங்கல. ஆனா சீடப்பிள்ளை தப்புப் பண்ணா விரட்டி விட்டுடுவேன். அப்ப பெத்தவங்க வந்து கால்ல விழுந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவாங்க. அதுதான் முறை. உங்களுக்கு யாரு வருவா?”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். கஃபுயியின் அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. தலைநகர் அக்ராவில் இருக்கும் தம்பிகள் அவளைப் பைத்தியம் என்கிறார்கள். அவளுக்காக வந்து காலில் விழ ஒருத்தரும் இல்லை.

“அவங்கப்பா குழியிலேர்ந்து எழுந்து வருவாரு” என்றான் ஒரு பையன்.

செனாம் எதற்காக வந்தாளோ அது கிட்டத்தட்ட நடந்துவிட்டது. எழுந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பையனைப் பார்த்தாள்.

“நான் வருவேன்” என்றாள்.

டோக்பே அவளை உற்றுப் பார்த்தார். பெற்றவர்களிடம் கேட்பதையெல்லாம் அவளிடம் வரிசையாகக் கேட்டார்.

“பாதியில ஓடிப்போனா?”

“இழுத்துட்டு வருவேன்.”

“சாமானை உடைச்சா?”

“நான் வாங்கித் தருவேன்.”

“எதிர்த்துப் பேசினா?”

செனாம் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “பேசுவாங்க மாஸ்டர். அதுக்குத்தான் நான் அடிக்கடி வந்து உங்க கால்ல விழ வேண்டியிருக்கும்.”

டோக்பேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றவர்களுக்கு உரிய கோப்பையை நிரப்பி அவளிடம் நீட்டினார். சர்ச்சில் பாடுகிறவள், சாராயம் தொட்டதில்லை. ஒரே மடக்கில் குடித்து, இருமி, கண்ணில் நீர் வழிய எழுந்து நின்றாள்.

“எங்க வீட்டுப் பொண்ணு, மாஸ்டர். திட்டுங்க, வேலை வாங்குங்க. கையை மட்டும் ஓங்கிடாதீங்க.”

கஃபுயி தலையைக் குனிந்து நின்றாள். ஒப்படைக்கப்படும் பிள்ளை அப்படித்தான் நிற்க வேண்டும். அவள் குனிந்தது முறைக்காக இல்லை, அழுவதை மகள் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.