அழித்த வரியைப் படித்தவர்கள்

வடக்கில் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். தெஹியோவிட்ட கடைவீதியில் ஒரு கொமியுனிகேஷனில் நான் வேலை பார்த்தேன். போட்டோகொப்பி, வெளிநாட்டு அழைப்பு, தமிழில் கடிதம் தட்டச்சு செய்துகொடுப்பது, பின்பக்கம் இரண்டு கணினிகள். இன்டர்நெட் அதில் ஒன்றில் மட்டும்தான். அவிசாவளைக்குப் பஸ்ஸில் போய்க் கணினி வகுப்பு முடித்திருந்தேன் என்பதால் தோட்டத்துப் பிள்ளையான எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அக்கா வருவார். பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கணவர் கட்டாரில் கட்டட வேலையில் இருந்தார். அவர் தங்கியிருந்த தொழிலாளர் முகாமில் ஒரு நண்பரிடம் கணினி இருந்ததால், பேசுவதைவிட எழுதிக்கொள்வது மலிவு என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அக்காவுக்கு விசைப்பலகை பழக்கமில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வார். நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பேன். பதில் வந்ததும் அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிப்பேன். சில பதில்களை வாசிக்க எனக்கே கூச்சமாக இருக்கும். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அந்த ஞாயிறு அவர் சிரிக்கவில்லை. மாமியார் அரிசிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாராம்.

"எழுதுங்க தங்கச்சி. ஒங்கம்மா செத்தாத்தான் எனக்கு நிம்மதின்னு எழுதுங்க."

அடித்துவிட்டேன். அனுப்பும் விசையில் விரல் வைக்கும்போது என் கையைப் பிடித்தார்.

"ஐயோ, வேணாம். அழிச்சிருங்க. அவரு அங்க வெயில்ல கெடந்து வேகுறாரு."

ஒவ்வோர் எழுத்தாகப் பின்னோக்கி அழித்தேன். பெட்டி வெறுமையானது. "நாங்க நல்லா இருக்கோம், ஒடம்பப் பாத்துக்கங்க" என்பதைத்தான் அனுப்பினோம்.

சில நாட்கள் கழித்து, வேலை முடிந்த உடுப்போடு, கையில் பால் கறை காய்ந்து கறுத்திருக்க, அக்கா கடைக்குள் வந்து நின்றார். ஒரு ஓட்டோக்காரர் ஐடென்டி கார்டின் கொப்பிக்காகக் காத்திருந்தார். அவர் இருப்பதையும் பார்க்காமல் அக்கா கேட்டார்.

"ஏன் தங்கச்சி, ஒங்கள நம்பித்தானே சொன்னேன்? அனுப்பாத வார்த்தைய எங்க மாமி சொல்றாங்க. 'நான் செத்தாத்தான் ஒனக்கு நிம்மதியா'ன்னு லயத்து வீட்டாளுக எல்லாம் கூடுற மாதிரி கேக்குறாங்க."

"அக்கா, சத்தியமா நான் யாருக்கிட்டயும்..."

"அங்க நீங்களும் நானும் மட்டும்தானே இருந்தோம்?"

அவர் போய்விட்டார். தமிழ் புரியாவிட்டாலும் ஓட்டோக்காரர் என்னைப் பார்த்த பார்வை குற்றவாளியைப் பார்க்கிற பார்வைதான்.

அன்று முழுவதும் அதே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கணவர் சொல்லியிருக்க முடியாது. அந்த வரி அவருக்குப் போகவே இல்லை. நான் சொல்லவில்லை. அக்கா தன் வாயால் மாமியாரிடம் சொல்லியிருக்கவும் மாட்டார். மிச்சம் இருந்தது அந்தக் கணினி மட்டும்தான்.

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன், அன்றைய நாளில் மாறிய கோப்புகளை எல்லாம் தேடிப் பார்த்தேன். பெயரைப் பார்த்தால் ஒன்றும் விளங்காத ஒரு கோப்புறைக்குள் ஒரு கோப்பு நிமிடத்துக்கு நிமிடம் பெருத்துக்கொண்டிருந்தது. திறந்தேன். சற்றுமுன் நான் தட்டச்சு செய்த ஒரு விண்ணப்பம் அதில் அப்படியே இருந்தது. நான் பிழை விட்டு அழித்த எழுத்துகள்கூட, அழித்த குறியோடு, வரிசையாக. வெறும் பக்கம் ஒன்றில் என் பெயரை அடித்து அழித்துவிட்டுக் கோப்பைத் திரும்பத் திறந்தேன். என் பெயர் இருந்தது.

விசைகளைப் பதிவு செய்கிற புரோகிராம். யார் போட்டது என்று யோசிக்கவும் தேவையில்லை. அவிசாவளையிலிருந்து வந்து கணினி திருத்துகிறவர் ஒருமுறை முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தி எதையோ காட்டிக்கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். நான் போனபின் கடையைப் பூட்டுகிறவர் முதலாளி. அக்காவின் மாமியார் சமையலுக்கு நிற்பது முதலாளி வீட்டில். அவர் படித்ததை மனைவியிடம் சொல்லியிருப்பார். அந்த அம்மா அடுப்படியில் சொல்லியிருப்பார்.

கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. அந்தக் கோப்பில் அக்கா மட்டுமா இருந்தார்? எத்தனை பேருடைய கடிதம், எத்தனை பேருடைய கடவுச்சொல்!

அழித்துப் பார்த்தேன். பாவனையில் இருக்கிறது, அழிக்க முடியாது என்றது. புரோகிராம்களை நீக்கும் பட்டியலில் அதன் பெயரே இல்லை. ஒருவழியாக நிறுத்தி உறையை அழித்தேன்; கணினியை மூடித் திறந்ததும் அது முன்புபோலவே வந்து உட்கார்ந்திருந்தது. வேரோடு பிடுங்க வேறொரு மென்பொருள் வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்த சில நாட்கள், ஆளில்லாத நேரமெல்லாம், கோளாறு வந்தாலும் கடை நிற்காதபடி, இன்டர்நெட் இல்லாத மற்றக் கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கணினிச் சஞ்சிகைகளோடு வந்த சீடீக்கள் கடையில் கிடந்தன. ஒன்று அழகாக இருந்தது. ஆனால் வழக்கமான பட்டியலில் இருப்பதை மட்டுமே அதுவும் காட்டியது. இன்னொன்று, ஒரு புரோகிராமைப் போடும்போதே கூட இருந்து பார்த்தால்தான் பிறகு அதை முழுதாக எடுக்குமாம். நம்முடையது எப்போதோ வந்து ஒளிந்துகொண்டது. மூன்றாவது எதையெதையோ கண்டுபிடித்துவிட்டு, நீக்க வேண்டுமென்றால் கிரெடிட் கார்ட் இலக்கம் கேட்டது. கிரெடிட் கார்டை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை.

கடைசியில் ஒன்றை மெல்ல ஊர்கிற இணைப்பில் இறக்கினேன். ஒரு கோப்பைச் சுட்டிக்காட்டினால், அதோடு தொடர்புள்ள பதிவுகளை எல்லாம் தேடி வரிசைப்படுத்தி, எதை எடுப்பது என்று நம்மிடமே கேட்டது. எடுப்பதற்கு முன் பழைய நிலையைச் சேமித்தும் வைத்தது. நான்கிலும் இது ஒன்றுதான் காசு கேட்காமல், நம்மிடம் கேட்டுக் கேட்டே கைவைத்தது. அதனால் இதையே தேர்ந்தெடுத்தேன்.

முதலாளி சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகிற நாளை அறிந்துகொண்டு, அக்காவைத் தோட்டத்துச் சந்தியில் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

"நம்ப வேணாம் அக்கா. வந்து கண்ணால பாருங்க. அப்புறம் ஏசுங்க."

வந்தார். கதவோரத்தில் நின்றவரை உட்கார வைத்து, வெறும் பக்கத்தில் ஒரு வரி அடித்து அழித்து, அது கோப்பில் இருப்பதைக் காட்டினேன். அக்கா திரையை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எல்லாமே இதுக்குள்ள கெடக்கா? அவரு எனக்கு எழுதினதும்?"

"அவரு எழுதினது இல்ல. நாம அடிச்சது மட்டும்."

"எடுத்துருங்க" என்றார்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மின்னல் வெட்டினால் கரண்ட் போகாமல் இருக்காது. பாதியில் போனால் கணினி திரும்ப எழும்புமோ என்னவோ. தேடல் முடிந்து பட்டியல் வந்தது. பதிவு செய்கிற புரோகிராமின் கோப்புகளோடு, தமிழ் எழுத்துக்கான விசைப் புரோகிராமின் பெயரும் கலந்து நின்றது. இரண்டும் விசைகளைப் பிடிக்கிறவை. மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அழைப்பு நிமிடங்களை எண்ணுகிற புரோகிராமின் ஏதோ ஒன்றும் அங்கே இருந்தது. அதில் கைபட்டால் கடையே நின்றுவிடும்.

"என்ன தங்கச்சி யோசிக்கிறீங்க?"

"தப்பா ஒண்ண எடுத்தா நாளைக்கு எனக்கு வேல இல்ல அக்கா."

அவர் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். "ஒவ்வொண்ணா வாசிங்க. அவசரப்படாதீங்க."

வாசித்தேன். அவருக்கு ஒன்றும் புரியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் சத்தமாக வாசித்தபோது என் கண் பிழை விடவில்லை. சந்தேகமானவற்றின் குறியை எடுத்துவிட்டு, அந்த உறையின் பாதை இருந்தவற்றை மட்டும் வைத்தேன். முன்னால் யாரோ வந்து, சிங்களத்தில் "நங்கி, போட்டோகொப்பி தெகக்" என்று இரண்டு பிரதி கேட்டார். எழும்பிப் போய் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கூரையில் மழை கொட்டியது. நீக்கு என்பதை அழுத்தினேன்.

கணினி மூடித் திறந்தது. உறை இல்லை. தமிழ் எழுத்து வேலை செய்தது. நிமிடம் எண்ணுவது வேலை செய்தது. ஒரு வரி அடித்து அழித்து எங்கும் தேடினேன்; கிடைக்கவில்லை. மூச்சு விட்டுத் திரும்பினால், வாசலில் முதலாளி நனைந்துபோய் நின்றார். மழைக்குப் பயந்து முந்திய பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

அவர் அக்காவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மறைத்துப் பயனில்லை.

"முதலாளி, அந்தப் புரோகிராம எடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு எடுத்த?"

"எடுக்கணும்னு தோணிச்சு முதலாளி."

"தோணிச்சா? நாளைக்கு பொலிஸ்காரன் வந்து, ஒன் கடையில எவன் எவனுக்கு என்ன எழுதினான்னு கேட்டா, நான் என்னத்தக் காட்டுவேன்? தமிழ்ப் பேர வச்சே ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போற காலம் புள்ள இது! எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவர் கடை வாசலில் ஜீப் மெதுவாகப் போனாலே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அக்காதான் எழுந்தார்.

"பொலிஸுக்குக் காட்டத்தானே வச்சிருந்தீங்க? பொறகு எப்படிங்க எங்க மாமி காதுக்குப் போச்சு? என் புருஷனுக்கு நான் எழுதினது ஒங்க அடுப்படியில ஏன் பேச்சாச்சு?"

தலையைத் துவட்டிய துவாய் முதலாளியின் கையிலேயே நின்றது. "வீட்டுல ஏதோ வாய் தவறி..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போனார். போகும்போது என்னிடம், "திருத்துறவர வரச்சொல்லிப் பேசுறேன். அவரு வரட்டும்" என்றார். வேலைக்கு வரச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா என்று தெரியாமலே அடுத்த நாளும் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, பேசவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "நானே அவருக்கிட்ட சொல்லிர்றேன். நான் கோவத்துல என்ன சொன்னேன்னு அப்படியே எழுதுங்க" என்றார். எழுதி அனுப்பினோம். பதில் வர வெகுநேரமானது. அக்கா விரல்களை நெரித்துக்கொண்டிருந்தார். "தெரியும். அம்மா போன்ல அழுதாங்க. நான் லீவுல வந்ததும் வேற காம்பரா கேட்டுத் தனியா போயிருவோம்" என்று வந்தது. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

திருத்துகிறவர் வந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் காலை முழுவதும் என் கை எதிலும் ஓடவில்லை. அவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, யாரோ சுத்தமாக எடுத்திருக்கிறார்கள், திரும்பப் போடவா என்று முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டார். பையிலிருந்து சீடீயையும் எடுத்துவிட்டார்.

முதலாளி தெருவைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கிழவர் தன் மகளுக்குக் கடிதம் எழுதுவிக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பா" என்றார் முதலாளி. வேண்டாம் என்று. இன்னும் ஒருமுறை, கொஞ்சம் சத்தமாக, "எப்பா" என்றார்.

நான் கிழவரிடம், "சொல்லுங்க தாத்தா" என்றேன்.