மைதிலி அழித்த பதிவு

பெங்களூர் அடுகோடியில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு மேல்மாடியில் இருக்கிற ஸ்டுடியோவில் மைதிலி பதினாறு வருஷமாக சவுண்ட் இன்ஜினியர். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகள். தினம் ரயிலேறி வந்து தொழில் கற்றவள். மைக் முன்னால் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காதே கிடையாது என்பது அவள் கண்ட முடிவு.

அன்று காலை வந்த ராகேஷ் அதிலும் மோசம். ஐடி கம்பெனி மேனேஜர். வெளிநாட்டு கிடார், அதைத் துடைக்கத் தனியாக ஒரு துணி. கம்பிகள் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தன.

கிடாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு நேராக, ஒரு அடி தள்ளி மைக்கை நிறுத்தினாள். அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போவதற்குள் அவன் அதை நடு ஓட்டைக்கு எதிரே, நாலு விரல் தூரத்துக்கு இழுத்துவிட்டான். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்களாம். அவள் வாதாடவில்லை. மூன்று தடவை வாசிக்கவிட்டு, போட்டுக் காட்டினாள். அண்டாவைத் தட்டியது போல இருந்தது. தாளமும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"மைக்ல ஏதோ பிராப்ளம் மேடம்," என்றான்.

மைதிலி உள்ளே போய் மைக்கைப் பழைய இடத்தில் வைத்தாள். கிடாரை வாங்கி, கல்யாணக் கச்சேரிகளில் பழகிய கையால் அவனுடைய பாட்டையே வாசித்துப் பதிவு செய்தாள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. இனியாவது கூசிப்போவான் என்று பார்த்தாள். அவன் முகமோ மலர்ந்தது.

"சூப்பர் மேடம். இதையே என் பேர்ல போட்டுக்கறேன். பாட்டு என்னுதுதானே?"

எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான். இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை. கதவருகே நின்ற முதலாளி ஸ்ரீகண்டன், அதைக் கொடுத்து அனுப்பிவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மைதிலி திரையைத் திருப்பி, அவன் பார்க்கவே அந்தப் பதிவை அழித்தாள்.

"நீங்க வாசிச்ச மூணும் பத்திரமா இருக்கு சார். அதை எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனான். மறுவாரம் அந்த அண்டாச் சத்தத்தையே இணையத்தில் போட்டான். கேட்டவர்கள் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். அவர்களையும் அவள் மதிக்கவில்லை.

ஸ்ரீகண்டன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவளை உறுத்தவில்லை. அழித்ததில்தான் கொஞ்சம் வருத்தம். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் வாசித்தது அது ஒன்றுதான்.