குண்டு விழாத ஊரில் நான் செய்த பிழை

ஏழாம் பாகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அலுவலகங்களில் பிழையை மறைக்கத் தடவுவார்களே, அந்த ஒயிட்னர். ஒரு விரல் நீளம் இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் வழிந்து பக்கத்துச் சொல்லையும் தொட்டிருக்கிறது. ராஜபாளையத்தில் என் வீட்டு பீரோவில், சேலைகளுக்கு அடியில் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறேன். அச்சுப் புத்தகம் இல்லை. என் கடையிலேயே டைப் அடித்து, ஜெராக்ஸ் போட்டு, ஸ்பைரல் மாட்டியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். வீட்டில் கதவைத் திறப்பதும் நான்தான், பூட்டுவதும் நான்தான். வேலையில் எனக்குத் திமிர் ஜாஸ்தி. டைப் அடிக்கிறவள் படிக்கக் கூடாது, படித்தால் வேகம் போய்விடும் என்பது என் கட்சி. கண்ணில் பட்டது நேரே விரலில் இறங்க வேண்டும். நடுவில் மண்டைக்குள் போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வரக் கூடாது. வக்கீல் குமாஸ்தாக்கள் என் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்தப் புத்தகத்தை எழுதிய ஃபோர்மேன் சார் முதலில் என்னிடம் வந்தது கதையோடு அல்ல. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து, வாரிசுச் சான்றுக்கு மனு அடிக்க வந்திருந்தார். அந்த அம்மாவுக்குப் பெரிய நோயெல்லாம் இல்லை. ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு, அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் கிடையாது. 'காலஞ்சென்ற' என்று போட்டு, அதற்குப் பின்னால் அந்த அம்மாவின் பெயரை அடித்தேன். என்னிடம் வரும் பாதி மனுக்களில் அந்தச் சொல் வரும். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் அடித்தவரைக்கும் போதும்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நீளமான நோட்டோடு வந்தார். "ஒரு கதை எழுதியிருக்கேன் தாயி. அடிச்சுத் தருவீகளா?" என்றார். மில் சங்கையே நாற்பது வருஷம் கேட்ட மனுஷன் கதை எழுதுவாராக்கும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். தலைப்பு 'குண்டு விழாத ஊர்'. முதல் நாலைந்து பக்கம் மட்டும் என்னையும் மீறி மண்டைக்குள் போயிற்று. அணுகுண்டுப் போர் நடந்து முடிந்துவிட்டது. மதுரை இல்லை, நம் பக்கத்து ஊர் எதுவும் இல்லை. செண்பகத்தோப்புக்கு மேலே மலையில் பத்துப் பதினைந்து பேர் மிஞ்சிக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர், அந்தப் போர் நடக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று எழுத உட்காருகிறார். அதோடு குண்டும் போயிற்று, மலையும் போயிற்று. அடுத்த பக்கத்தில் சோழபுரத்தில் நாற்று நடுகிறார்கள். கரண்ட் போகிறது, செத்த நேரம் கழித்து வருகிறது. ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்.

"என்ன சார், குண்டைப் போட்டீக, பொறவு ஒண்ணுமே நடக்கலையே" என்று கேட்டேன்.

"நடக்காததைத்தான தாயி எழுதுதேன்" என்றார். "எங்க வீட்டுக்கு மட்டும் விழுந்துச்சுன்னு எழுதுனா அது என் சொந்தக் கதையாப் போயிரும். ஊருக்கே விழுந்துச்சுன்னு வச்சுக்கிட்டா, விழலைன்னு ஊருக்கே சேர்த்து எழுதலாம்ல" என்றார். எனக்கு அன்றைக்குப் பாதிதான் விளங்கியது. அடுத்த ஆள் மனுவோடு நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு பாகம், சில வருஷம் இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. ஒன்று அவருக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று எனக்கு. "மொத வாசகர் நீங்கதான்" என்பார். எப்படி இருக்கிறது என்று கேட்பார். "நல்லா இருக்கு சார்" என்பேன். ஒரு வரி படித்திருக்க மாட்டேன். "அம்புட்டுப் பக்கத்தையும் படிக்க ஒரு ஆள் இருக்குன்னாத்தான் எழுதவே தோணுது" என்று ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த பாகத்தையும் அப்படியேதான் அடித்தேன்.

ஏழாம் பாகம் வந்தபோது கடையில் வாரிசு மனுக்கள் குவிந்து கிடந்தன. மனுக்களுக்கு நடுவே அவர் நோட்டை அடித்து முடித்து, ஸ்பைரலும் மாட்டி வைத்துவிட்டேன். அவர் வந்து, வழக்கம்போல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து, "அந்த வெள்ளை மை இருக்காம்மா?" என்று கேட்டார். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. குனிந்து மூன்று பிரதியிலும் எதையோ தடவி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். பாட்டிலை மூடி மேஜைமேல் வைத்தார். என் பிரதியையும் வைத்தார். அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

எட்டாம் பாகம் வரவே இல்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது பார்ப்பேன். "அடுத்தது எப்ப சார்?" என்றால், "பாப்போம்" என்பார். சுகமா என்று விசாரிப்பார். முகத்தில் கோபம் கிடையாது. இருந்திருந்தால் கேட்டாவது தெரிந்துகொண்டிருப்பேன்.

போன வருஷம் அவருடைய தங்கை மகன் கடைக்கு வந்தார். மாமா தவறிவிட்டார், அம்மாதான் வாரிசு, மனு அடிக்க வேண்டும் என்றார். 'காலஞ்சென்ற' என்று அடித்து, சாரின் பெயரை அடிக்கப் போனபோது விரல் ஓடவில்லை. என் தொழிலில் முதன்முறையாக நான் அடித்ததை நானே படித்தேன். கிளம்பும்போது அவர் ஒரு நோட்டைக் கொடுத்தார். "மாமா மேஜையில இருந்துச்சு. இதை அடிக்கிறது நீங்கதானாமே" என்றார். மேலே 'எட்டாம் பாகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே எல்லாம் வெற்றுத் தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பாகங்களையும் எடுத்து வைத்துப் படிக்க உட்கார்ந்தேன். எல்லாப் பாகத்திலும் ஒரு பெண் வருகிறாள். தன் மனைவியின் பெயரையே வைத்திருக்கிறார். பெரிதாக எதுவும் செய்வதில்லை. பூ வாங்குகிறாள், புருஷனைத் திட்டுகிறாள், பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஏழாம் பாகத்தில் அவள் பெயருக்கு முன்னால் வெள்ளைத் திட்டு. பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு அது என்ன சொல் என்று படிக்காமலே தெரிந்துவிட்டது. காலஞ்சென்ற இன்னார் கையில் பால்கோவாப் பொட்டலத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றாள் என்று, மனு அடித்த கைப்பழக்கத்தில் அடித்து வைத்திருக்கிறேன். ஊருக்கே விழாத குண்டை அந்த ஒருத்தி தலையில் நான் போட்டிருக்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்திருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். பிழை அவருக்குப் பெரிதாக இருந்திருக்காது. படிக்கிறவள் அந்தச் சொல்லை அங்கே அடிக்கவே மாட்டாள். ஏழு பாகமும் ஒருத்தரும் படிக்கவில்லை என்பது அந்தப் பெஞ்சில் வைத்து அவருக்குத் தெரிந்துபோயிற்று. அதைக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. சமாதானம் சொல்ல வீட்டில் ஆளில்லை. நானே அழுது நானே முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவர் வீட்டிலும் அத்தனை வருஷம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது மெதுவாக, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறேன். நேற்று மறுபடியும் நாற்பத்து மூன்றுக்கு வந்தேன். ஒயிட்னர் காய்ந்து பொருக்குவிட்டு, ஓரத்தில் 'கா' எட்டிப் பார்த்தது. கடையிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து, அவர் தடவியதன் மேலேயே நானும் தடவினேன். காயட்டும் என்று ஊதிக்கொண்டே அடுத்த வரியைப் படித்தேன்.

"பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது."