என் ரஸ்தாளி தின்ற வெள்ளைக் கண் ஈக்கள்

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்தவன், அதே மார்க்கெட்டில் மண்டி வைத்தேன், ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு கட்டினேன். காயைத் தொட்டுப் பார்த்தே என்றைக்குப் பழுக்கும் என்று சொல்லுவேன். இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

என் மகள் ஈ ஆராய்ச்சி செய்கிறாள். கனிந்த பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. கேட்டதும் பக்கத்து மாம்பழ மண்டிக்காரர் சிரித்துவிட்டார்.

“நீங்க ஆயுசு பூரா ஈ ஓட்டுனீங்க, பாப்பா படிச்சுட்டு அதையே வளர்க்குதா? நல்ல குடும்பம்ணே!”

“வந்து பாருங்கய்யா” என்று அவரையே அவள் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சின்ன அறை. அலமாரி நிறையப் பாட்டில்கள், வாயில் பஞ்சு. ஒரு ஈயை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். கண் வெள்ளையாக இருந்தது, அரிசிக் குருணை மாதிரி.

“மார்க்கெட் ஈக்குச் சிவப்புக் கண்ணுப்பா. என்னோடதுக்கு வெள்ளை. குழந்தைங்களுக்குப் பரம்பரையா வர ஒரு நோய் இருக்கு. அதே கோளாறு இதுங்களுக்கும் இருக்கு. நல்லா சாப்பிடும், ஆனா உடம்புல ஒட்டாது. தூங்கவும் தூங்காது, விட்டு விட்டு முழிச்சுக்கும்.”

“ஈ தூங்குறது எப்படிம்மா தெரியும்?” என்றார் மாம்பழக்காரர்.

விரல் நீளக் கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினாள். உள்ளே ஒரே ஒரு ஈ. நடுவில் ஒரு ஒளிக்கோடு போகிறதாம். ஈ அதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். வெகுநேரம் தாண்டாவிட்டால் தூங்குகிறது என்று அர்த்தம்.

“தூக்கம் கெட்டு உடம்பு கரையுதா, உடம்புல தெம்பு நிக்காம தூக்கம் கெடுதா? அதைத்தான் பார்க்குறேன். அதுக்குத்தான் வேற ஈ கலக்காம தலைமுறை தலைமுறையா வளர்க்குறேன். அடுத்த மாசம் புரொபசர்கிட்ட காட்டணும். இது நின்னாதான்பா என் படிப்பு நிக்கும்.”

வேற ஈ கலக்காம என்று தெளிவாகத்தான் சொன்னாள். நான் மாம்பழக்காரர் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பாட்டிலின் அடியைக் காட்டினார். “இது என்னம்மா தீனி?”

“சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சுறது.”

“வாழை மண்டி முதலாளி மக வளர்க்குற ஈக்குச் சோளக் கஞ்சியா? கொடுமைண்ணே!”

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஒரு கூடை ரஸ்தாளியோடு போனேன். தோல் கறுத்து, தேன் கசிந்து, அப்படியொரு கனிவு. மகள் வகுப்பில் இருந்தாள். தரை துடைத்த அம்மா கதவைத் திறந்து வைத்திருந்தார். ‘சீக்காளி ஈ தேறட்டும்’ என்று மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கூடையோடு மார்க்கெட் ஈயும் வந்திருந்தது. எங்களுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படாது.

அவள் அன்றைக்கே கூடையை எடுத்து வெளியே போட்டிருக்கிறாள். ஈ போகவில்லை. தீனி மாற்றப் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு உள்ளே நுழைந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“புதுசா பொரிச்ச ஈயெல்லாம் நல்லா தூங்குதுப்பா. கொழுகொழுன்னு இருக்கு.”

அடித்தது யோகம் என்று நினைத்தேன். அவள் மேலே பேசுவதற்குள் மாம்பழக்காரருக்கு போன் போட்டேன். “என் பழத்தைத் தின்னு வியாதியே போச்சுய்யா!”

போனை வைத்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“எல்லாம் சிவப்புக் கண்ணுப்பா. என்னோட ஈ இல்ல. உங்க கூடையில வந்த ஈயோட பிள்ளைங்க. வியாதி போகல, என் வம்சம்தான் கலந்துபோச்சு.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

“புரொபசர்கிட்ட நான் வந்து சொல்றேன் கண்ணு.”

“வேணாம்பா. என் கவனக்குறைவுன்னு சொல்லிட்டேன். நீங்க வந்தா அங்கயும் மண்டி பெருமைதான் பேசுவீங்க.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. காலையில் மண்டிக்குப் போனால், மாம்பழக்காரர் லால்குடியிலிருந்து வந்த ஒரு கடைக்காரரை என் தாருக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். “அண்ணன் பழத்துக்கு ஈ வியாதியே போயிருக்கு, மனுஷனுக்குக் கேக்கணுமா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், மார்க்கெட்டில் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது.

“போகலைய்யா,” என்றேன். “என் பழம்தான் என் புள்ள படிப்பைக் கெடுத்துச்சு.” அப்புறம் அத்தனை பேர் முன்னால் கூடைக் கதையைச் சொன்னேன். மாம்பழக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாப்பா என்ன சொல்லுச்சுண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

வெளியூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அந்த வம்சத்து ஈ இன்னும் இருந்ததாம். போன வாரம் பார்சலில் வந்தது. புரொபசர் தவணை கொடுத்திருக்கிறார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார, காவிரிப் பாலத்தில் மேடு பள்ளம் பார்த்து வண்டி ஓட்டினேன்.

கல்லூரி வாசலில் இறங்கியவள் ஒரு நிமிஷம் நின்றாள். “உள்ள வரீங்களாப்பா?”

கூப்பிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. கால் எழுந்துவிட்டது. அப்போதுதான் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன். மண்டியிலிருந்து அப்படியே வந்தவன், அதில் எந்த ஈ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ.

“இல்லம்மா, நீ போ. நான் இப்படியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்.”